ஒரு வரிச் சான்றிதழ்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1999-இல் திருநெல்வேலிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்தேன். 2004 முதல் குவைத்தில் கம்ப்ரசர் பராமரிப்பு வேலை. 2018-இல் இன்ஜினியர் என்ற பதவியோடு இருந்த இகாமாவை (குடியிருப்பு அனுமதி) புதுப்பிக்கப் போனபோது, குவைத் இன்ஜினியர்ஸ் சொசைட்டியின் தடையின்மைச் சான்று வேண்டும் என்றார்கள். அதற்குப் படித்த துறைக்கு என்பிஏ (இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்க வேண்டுமாம். நான் படித்த காலத்தில் எங்கள் துறைக்கு அது இல்லை. வேறு வழியின்றி இகாமாவில் டெக்னீஷியன் ஆனேன். வேலை அதே வேலைதான். என் பட்டம் செல்லாக்காசு, அனுபவத்தை எவனும் மதிப்பதில்லை. ஜி.டி. நாயுடு எந்தக் கல்லூரியில் இன்ஜினியரிங் படித்தார்? மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அங்கீகாரம் உள்ள தூரத்துக் கல்லூரியா, வீட்டருகே உள்ளதா? என்னை அறிந்த மேலாளரும் ஜூலையில் ஓய்வு பெறுகிறார். அதன் பிறகு என் கதி தெரியவில்லை.

ஆர்., ஃபஹாஹீல்

அன்புள்ள ஆர்.,

மகள் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். என்பிஏ அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதல்ல. துறை துறையாக, இத்தனை வருடம் என்று கணக்கு வைத்துக் கொடுப்பது. வாசல் போர்டை நம்பாதீர்கள். அவள் சேரப்போகும் துறைக்கு இருக்கிறதா, எந்த வருடம் வரை என்று என்பிஏ தளத்தில் பாருங்கள். மற்றதை அவள் முடிவு செய்யட்டும்.

ஜி.டி. நாயுடுவை விட்டுவிடுங்கள். தன் கம்பெனியைத் தானே நடத்தியவரிடம் யார் சான்றிதழ் கேட்கப்போகிறார்கள்?

‘செல்லாக்காசு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துக் கோபம் வந்தது. என்பிஏ தொடங்கியதே 1994-இல். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா முழு உறுப்பினரானது 2014-இல். நீங்கள் கல்லூரியில் சேர்ந்தது 1995. உங்கள் கல்லூரி விண்ணப்பிக்காததற்குப் பதினெட்டு வயதுப் பையன் என்ன செய்வான்? 1994-க்கு முன்பே படித்து முடித்துவிட்டு, இருபத்தைந்து வருடம் குவைத்தில் வேலை பார்த்தவர்களும் இதே விதியில் மாட்டினார்கள். அவர்கள் படித்ததும் பொய்யா? பட்டம் செல்லாக்காசு என்று மகள் காதுபடப் பேசியிருந்தால், இன்றே அவளைக் கூப்பிட்டு அது தவறு என்று சொல்லுங்கள்.

அப்புறம், அனுபவத்தை எவனும் மதிப்பதில்லை என்பதும் சரியில்லை. உங்கள் கம்பெனி இகாமாவில் பதவிப் பெயரை மாற்றியது, கம்ப்ரசரை உங்கள் கையிலிருந்து வாங்கவில்லை. வேலையைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்கேயும் மதிக்கத்தான் செய்கிறார்கள். பார்க்காதவர்களிடம் எதைக் காட்டுவது என்பதுதான் கேள்வி. எனக்கு இது முப்பது வருடக் கேள்வி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் பர்சனல் டிபார்ட்மெண்டில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஒரு பிரிவை மூடினார்கள். போகிறவர்களுக்கெல்லாம் அனுபவச் சான்றிதழ் அடித்துக் கொடுக்கும் வேலை எனக்கு. பெயர், தேதி, பதவி மூன்றும்தான் மாறும். கார்பன் தாள் வைத்து ஒரே நாளில் நாற்பது பேருக்கு அடித்தேன். அதில் இருபத்திரண்டு வருட சர்வீஸ் உள்ள ஒரு டர்னர் அண்ணன். எண்ணெய்க் கறை படக்கூடாதென்று தாளின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். “இங்கிலீஷ்ல இருக்கு தம்பி, வாசிச்சுக் காட்டுங்க.” இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை டர்னராகப் பணியாற்றினார், நடத்தை திருப்திகரம் என்று தமிழில் சொன்னேன். “நான் என்ன கடைஞ்சேன்னு அதுல இல்லையே?” என்றார்.

ஃபார்மட் அவ்வளவுதாண்ணே என்றேன். பம்ப் ஷாஃப்டை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடத் தப்பாமல் கடைகிறவர். அப்ரென்டிஸ் பையன்களுக்கு லேத்தில் நிற்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அது எனக்கும் தெரியும், அறைக்குள் இருந்த மேலாளருக்கும் தெரியும். இன்னும் நான்கு வரி அடிக்கப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நான் அடிக்கவில்லை. அடுத்த கம்பெனியில் ஐடிஐ சான்றிதழ் கேட்டார்கள். அவரிடம் இருந்தது நான் அடித்த அந்த ஒரு வரி. ஹெல்ப்பராகத்தான் எடுத்தார்கள்.

அதனால் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். செய்த வேலையை எழுதி வாங்குங்கள். சம்பளத்துக்குச் சண்டை போடுகிறோம், லீவுக்குப் போடுகிறோம். இத்தனை வருடம் செய்த வேலையை மட்டும் ஒரு வரியாக மடித்துக் கொடுத்தால், நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வருகிறோம். எந்த இயந்திரம், என்ன திறன், ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் எந்த ஷட்டவுனை நீங்கள் பொறுப்பேற்று முடித்தீர்கள், உங்களுக்குக் கீழே எத்தனை பேர், எந்தப் பழுதுக்கு நீங்கள் காரணம் கண்டுபிடித்தீர்கள் என்று எல்லாம் தேதியோடு இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குக் குடியேற விண்ணப்பிக்கும் பொறியாளரின் பட்டம் அவர்களுடைய அங்கீகாரப் பட்டியலில் இல்லையென்றால், தன் வேலையிலிருந்து மூன்று அனுபவங்களை விரிவாக எழுதச் சொல்கிறார்கள். ‘நாங்கள் செய்தோம்’ போதாது, ‘நான் செய்தேன்’ என்று எழுத வேண்டும். நம் ஆட்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். ‘பழுது சரிசெய்யப்பட்டது’ என்று எழுதியே பழகியவர்கள். யார் சரிசெய்தது? நீங்கள்தானே?

இதனால் இகாமாவில் பதவிப் பெயர் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. அது அந்த நாட்டு விதி. ஆனால் அடுத்து எந்தக் கம்பெனிக்குப் போனாலும், ஊருக்கே திரும்பினாலும், உங்களைப் பார்த்திராத ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்.

ஜூலைக்கு முன்னால் உங்கள் மேலாளரின் கையெழுத்து வேண்டும். அவரையே எழுதச் சொல்லாதீர்கள், தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். வரைவை நீங்களே தயார் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை லீவுதானே, உட்கார்ந்து எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அது அவர் மேசையில் இருக்கட்டும். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.