நான்கு அறைக்கு நீங்களும் ஒரு கம்பெனிதான்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது ஒரு படுகர் கிராமத்திலிருந்து, ஒரு அம்மா எழுதியிருக்கிறார். ஒரு ஏக்கர் தேயிலை, வீட்டை ஒட்டி நான்கு அறையில் ஹோம்ஸ்டே. ஆறு வருடமாகத் துணிப்பை, குப்பை பிரிப்பு எல்லாம் விடாமல் செய்கிறார். பண்ணைக் கூண்டுக் கோழிகளை ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து முட்டையையும் குறைத்துவிட்டார். கல்லூரியில் படிக்கும் மகன் இப்போது சொல்கிறானாம்: "கொடைக்கானல்ல ஒரு கம்பெனி பாதரசத்தையே கொட்டுச்சு, நீ என்னடான்னா கவரைக் கழுவிக் காயப்போட்டுட்டு இருக்கே." போன வாரம் வாசல் தொட்டியைக் காட்டுமாடு ஒன்று கவிழ்த்து, காய்கறித் தோலோடு சிப்ஸ் கவரையும் மென்றிருக்கிறது. அதைப் பார்த்ததும் மனசு விட்டுப்போச்சு என்கிறார். "நான் செய்யறதுக்கு அர்த்தம் இருக்கா? இருந்தா அடுத்து என்ன செய்யணும்?" இதுதான் கேள்வி.

அம்மா, உங்கள் மகன் சொல்வது பாதி சரி. மீதிப் பாதி அந்தப் பாதரசக் கதைக்குள்ளேயே இருக்கிறது, அதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த தெர்மாமீட்டர் ஆலை ஒன்றை 1980-களில் கழற்றிக்கொண்டு வந்து கொடைக்கானலில் வைத்தார்கள். பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் ஊருக்குள் ஒரு காயலான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர்க்காரர்களும் சூழல் அமைப்புகளும் சேர்ந்து வெளியே கொண்டுவந்தார்கள், ஆலை நின்றது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது 2016-ல், அதாவது பதினைந்து வருடம் கழித்து. குழந்தைக்கு ஜுரம் பார்க்கத் தெர்மாமீட்டர் வாங்கிய எந்தத் தாயும் இதற்குப் பொறுப்பில்லை, அவர் வாங்காமல் இருந்திருந்தாலும் அந்தக் காயலான் கடை அப்படியேதான் இருந்திருக்கும். அந்த வரைக்கும் மகன் சரி. ஆனால் அந்தக் கடை வாசலில் போய் நின்றவர்கள் சாதாரண ஆட்கள். வாங்குபவராக அவர்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது, ஊர்க்காரராகச் செய்தார்கள்.

இன்னொன்றும் அவனுக்குச் சொல்லுங்கள். 'உங்கள் கார்பன் தடம் எவ்வளவு', அதாவது உங்களால் காற்றில் எவ்வளவு கரிவாயு சேர்கிறது என்று ஆளாளுக்குக் கணக்குப் போடும் பழக்கத்தை 2000-களின் நடுவில் விளம்பரம் கொடுத்து ஊரெல்லாம் பரப்பியது யார் தெரியுமா? பிரிட்டிஷ் பெட்ரோலியம். எண்ணெய் எடுத்து விற்கிறவரே நம்மைப் பார்த்து நீ எவ்வளவு எரித்தாய் என்று கேட்டார், நாமும் குனிந்து கணக்குப் பார்த்தோம்! அதனால் குற்ற உணர்வை வைத்து பொறுப்பை அளக்காதீர்கள். கழிவு வேலையில் இத்தனை வருடம் இருந்ததில் நான் பிடித்துக்கொண்டது ஒரே கேள்வியைத்தான்: இந்த விஷயத்தில் முடிவு யார் கையில் இருக்கிறது?

உங்களுக்குத் தெரிந்த உதாரணம், டாஸ்மாக் பாட்டில். 'காட்டில் பாட்டில் வீசாதீர்' என்று எத்தனை போர்டு வைத்திருப்பார்கள், எத்தனை பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊர்வலம் போயிருப்பார்கள். யானைக் காலில் கண்ணாடி ஏறுவது நிற்கவில்லை. விஷயம் உயர் நீதிமன்றம் போனது, 2022 மே மாதம் நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. குடிக்கிறவர் ஒரே நாளில் வனவிலங்கு ஆர்வலர் ஆகிவிடவில்லை, விற்கிறவர் திரும்ப வாங்கித்தான் ஆகவேண்டும் என்றானது, அவ்வளவுதான். ஒருவர் வீசினாலும் பத்து ரூபாய்க்காகப் பொறுக்க இன்னொருவர் இருக்கிறார். நீலகிரியில் தொடங்கிய இந்த முறை அப்புறம் மற்ற மாவட்டங்களுக்கும் போனது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். நீங்கள் உங்களைத் தனி ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை அம்மா, நான்கு அறைக்கு நீங்கள்தான் கம்பெனி. விருந்தினர் என்ன சாப்பிடுவார், குப்பையை எங்கே போடுவார், காட்டுமாட்டுக்கு எவ்வளவு கிட்டே போவார் என்பதெல்லாம் உங்கள் முடிவு. ஒரு ரிசார்ட் முதலாளியைப் பார்த்து நீங்கள் கேட்கிற கேள்வியை உங்களையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் அந்தத் தொட்டி. அதை யார் தலையிலும் போட முடியாது, அது முழுக்க உங்களுடையது. இரவில் வாசலில் குப்பை இருக்கவே கூடாது. ஈரக்கழிவு வீட்டுப் பக்கமே மூடி போட்ட உரக்குழிக்குப் போகட்டும், மற்றது கதவுள்ள அறையில் இருந்துவிட்டு, வண்டி வரும் நேரத்துக்கு மட்டும் வெளியே வரட்டும். வெளியேதான் வைக்க முடியும் என்றால் தாழ்ப்பாளோடு கம்பிக்கூண்டு அடித்து, தரையோடு சேர்த்து கான்கிரீட் போடுங்கள், சும்மா மூடி வைத்த பிளாஸ்டிக் டிரம் காட்டுமாட்டுக்கும் கரடிக்கும் ஒரு தட்டுக்குத் தாங்காது. கரடி எண்ணெய் வாசனைக்கு எவ்வளவு தூரம் வரும் என்பதை கோவில் விளக்கில் இருக்கிற எண்ணெயைக் காலி செய்துவிட்டுப் போவதைப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, பழைய எண்ணெய்ச் சட்டியைத் திண்ணையில் வைக்காதீர்கள். விருந்தினர் போட்டோவுக்காகக் காட்டுமாட்டுக்குக் கேரட் தோல் போடுவதைச் சிலர் ஒரு சேவை மாதிரியே செய்கிறார்கள். அந்த மாடு அடுத்த வீட்டுக் குழந்தை முன்னால் போய் நிற்கும்போது பழி மாட்டுக்குத்தான் வரும்.

சிப்ஸ் கவர் விஷயம் இப்படி இல்லை, அது இரண்டு பேர் கையில் இருக்கிறது. உங்கள் பங்கு சுலபம்: அறையில் பாக்கெட் வைப்பதை நிறுத்திவிட்டு ஒரு டின்னில் வர்க்கி வையுங்கள், வேகவைத்த கடலை கொடுங்கள், புக்கிங் உறுதி செய்யும்போதே 'பாக்கெட் கொண்டுவந்தால் கவரைத் திரும்பக் கொண்டுபோங்கள்' என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

கம்பெனியின் பங்கு வேறு. பளபளவென்று உள்ளே வெள்ளி மாதிரி இருக்கிற அந்தக் கவர் பல அடுக்குகளை ஒட்டிச் செய்தது. அதை உருக்கி மறுபடி நல்ல பொருளாக்குவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. நீங்கள் கழுவிக் காயவைத்துக் கொடுத்தாலும் கடைசியில் அது போய்ச் சேரும் நல்ல இடம் சிமென்ட் ஆலைச் சூளைதான். 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளும் அதன்மேல் 2022-ல் வந்த வழிகாட்டுதல்களும், விற்ற பிளாஸ்டிக்குக்குக் கணக்குக் காட்டும் பொறுப்பைத் தயாரிப்பாளர், பிராண்டு உரிமையாளர் மேல் வைக்கின்றன. ஓட்டை எங்கே தெரியுமா? கணக்கு மொத்தமாகத்தான் பார்க்கப்படுகிறது. சமவெளியில் வண்டி போகிற இடத்தில் சேகரித்ததை வைத்தே இலக்கை முடித்துக்கொள்ளலாம், மலையேறி வந்த கவரை இறக்கித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. என்னைக் கேட்டால் மலைக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

அதனால் கழுவுகிற அந்த நேரத்தில் வேறொன்று செய்யுங்கள். ஒரு மாதக் கவர்களைச் சேர்த்து, பிராண்டுவாரியாகப் பிரித்து, எண்ணி, போட்டோ எடுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டின் பின்னாலும் தயாரிப்பாளர் பெயர், முகவரி, புகார் எண் இருக்கும். அந்த முகவரிக்கு ஒரு கடிதம், அதன் நகல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் உங்கள் ஊராட்சிக்கும். பக்கத்து ஹோம்ஸ்டேக்காரர் நாலு பேரும் சேர்ந்தால் கடிதத்துக்கு எடை கூடும். கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது, அதில் தீர்மானமாக வையுங்கள். பேச்சாக விட்டுவிடாமல் பதிவேட்டில் ஏறுகிறதா என்று பாருங்கள். பெரிய ரிசார்ட் ஓடையில் கழிவை விடுகிறது என்கிற மாதிரி விஷயமானால் சூழல் வழக்குகளுக்கென்றே உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் போகவேண்டும், வருடக் கணக்கில் பொறுத்துவிட்டுப் போனால் கதவு சாத்தியிருக்கும்.

முட்டை பற்றி. கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கிற இடம் பொதுவாக ஒரு ஏ4 தாள் அளவுகூட இருக்காது. இந்தக் கூண்டுகளைக் கைவிட வேண்டும் என்று சட்ட ஆணையமே 2017 ஜூலையில் தன் 269-வது அறிக்கையில் சொல்லியிருக்கிறது. அதைச் சட்டமாக்குவது உங்கள் கையில் இல்லை. நீங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு முட்டை குறைத்தது உங்கள் மனசுக்கு நல்லது, கோழிக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் நான்கு அறையும் நிரம்பினால் எட்டுப் பேர், ஆளுக்கு இரட்டை ஆம்லெட் என்றால் ஒரு காலைக்கு 16 முட்டை. ஹட்டியில் கோழி வளர்க்கிற இரண்டு வீட்டோடு பேசி அதை அங்கிருந்து வாங்கலாம், விலை கூடுவதை மெனுவில் வெளிப்படையாகப் போடலாம். கடையில் பழுப்பு முட்டையைப் பார்த்து நாட்டுமுட்டை என்று ஏமாறாதீர்கள், கூண்டுக் கோழியும் பழுப்பாக இடும். சீசனில் முட்டை போதவில்லையா, அன்றைக்கு இட்லி.

கவர் எண்ணும் வேலையை மகனிடம் கொடுங்கள். எக்செல் அவனுக்குத்தான் வரும், கம்பெனிக்குப் போகிற கடிதத்தையும் அவனே எழுதட்டும்.