வாசகர் கேள்வி – பதில்: அடைமழைக் காலத்தில் வீடும் தோட்டமும்

கேள்வி: கனடாவில் இருக்கும் என் மகள், அக்டோபர் வந்துவிட்டால் சிவந்தும் மஞ்சளித்தும் நிற்கும் மரங்களின் படங்களை அனுப்புகிறாள். தோட்டத்தை ஒழுங்குசெய்வது, புத்தகம் படிப்பது, கடிதம் எழுதுவது என்று அந்தப் பருவத்தை வீட்டோடு கழிப்பதே தனிச் சுகம் என்கிறாள். நம் ஊரில் அப்படி ஒரு பருவம் உண்டா?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: உண்டு அம்மா, ஆனால் அதை இலையின் நிறத்தில் தேட வேண்டாம். குளிர்நாடுகளில் பகற்பொழுது குறையக் குறைய இலையிலுள்ள பச்சையம் சிதைந்து, அதுவரை அதனால் மறைக்கப்பட்டிருந்த மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. சிவப்பு நிறமியோ பெரும்பாலும் அந்த வாரங்களில்தான் புதிதாக உண்டாகிறது. ஏறக்குறைய 12 பாகை வட அட்சத்தில் இருக்கும் தருமபுரியில், மார்கழியின் மிகக் குறுகிய பகல்கூடச் சுமார் பதினொன்றரை மணி நேரம் நீடிப்பதால், நம் மரங்களுக்கு அந்த அவசரம் இல்லை. இங்கே அரசும் புங்கும் வேம்பும் இலை உதிர்ப்பது மழை ஓய்ந்து வறட்சி தொடங்கும் மாசி, பங்குனியில்தான்.

தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். அது குறிஞ்சி நிலத்துக்கு உரிய பொழுது என்று இலக்கணம் சொல்வது, மூன்று பக்கமும் மலை தெரியும் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு வியப்பாக இராது. தென்மேற்குப் பருவமழையின் கடைசி மழையும் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கமும் அடுத்தடுத்து வருவதால் புரட்டாசி, ஐப்பசியில் மண் நன்றாக நனைந்து, மாலை சீக்கிரமே இருண்டு, வெளிவேலை தானாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே மகள் சொல்லும் மூன்றையும் நீங்களும் செய்யலாம். தோட்ட வேலை மட்டும் தலைகீழாக இருக்கும். அவர் தோட்டத்தை மூடிவைக்கும் மாதத்தில் நீங்கள் விதைக்கப் போகிறீர்கள்.

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன். வீட்டைச் சுற்றி இரண்டு மாமரங்களும் சில ரோஜாச் செடிகளும் கொஞ்சம் வெற்றிடமும் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் என்னென்ன வேலை செய்யலாம்?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: மாமரத்தைப் பொறுத்தவரை ஒன்றும் செய்யாமல் இருப்பதே வேலை. தைக்கு முன்பின்னாகப் பூக்க வேண்டிய மரம், அதற்கு முந்தைய வாரங்களில் வேர்ப்பகுதி சற்றே காய்வதையும் இரவுகள் குளிர்வதையும் எதிர்பார்க்கிறது. மழை நின்ற பிறகு, பாவம் வாடுகிறதே என்று குடம்குடமாக ஊற்றினாலும், தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டாலும், பூங்கொத்து வர வேண்டிய நுனியில் செம்பழுப்புக் கொழுந்து வந்துவிடும். பிறகு சித்திரையில் பக்கத்து வீட்டு மரத்தைப் பார்த்து ஏங்க வேண்டியதுதான். கிளை வெட்டுவதையும் இப்போது தொடாதீர்கள். அது காய் பறித்து முடித்த கையோடு, ஆடி ஆவணியில் செய்திருக்க வேண்டிய வேலை.

ரோஜாவுக்கு இதுவே கவாத்துக் காலம். மழை விட்டு வெயில் அடிக்கும் ஒரு நாளாகப் பார்த்து, காய்ந்த குச்சிகளையும் நோய்கொண்டவற்றையும் முதலில் நீக்கிவிட்டு, நல்ல கிளைகளை வெளிப்புறம் பார்க்கும் மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடைக் குழைத்துத் தடவாவிட்டால் ஈரத்தில் பூஞ்சாணம் ஏறி, குச்சி நுனியிலிருந்து கருகிக்கொண்டே இறங்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஏறக்குறைய 45 நாளில் பூ பார்க்கலாம்.

வெற்றிடத்தில் முள்ளங்கி, பீட்ரூட், வெந்தயக் கீரை, கொத்தமல்லி ஆகியவற்றை விதையுங்கள். கொத்தமல்லி முளைக்கவில்லை என்று புலம்புவோர் பலர், கடையில் வாங்கிய மல்லியை முழுதாகத் தூவியவர்களாக இருப்பார்கள். அந்த உருண்டைக்குள் இரண்டு விதைகள் இருப்பதால், பொடியாகிவிடாதபடி இலேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்தே விதைக்க வேண்டும்; அப்போதும் ஒரு வாரத்துக்கு மேல் பொறுக்க வேண்டியிருக்கும். முள்ளங்கிக்குப் பொறுமை தேவையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் உப்புச்சுவையுடையது. ஆண்டு முழுவதும் அதையே ஊற்றிய தொட்டிகளில் மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். அத்தொட்டிகளை அடைமழையில் திறந்தவெளியில் வைத்து, அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொண்டால், மழைநீரே அந்த உப்பைக் கரைத்துக் கீழே இறக்கிவிடும். மரங்களைப் பற்றி மேலும் ஐயம் இருந்தால், உங்களுக்கு அருகிலேயே பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் படிக்கலாம் என்று அலமாரியைத் திறந்தால் புத்தகங்களில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள், புத்தகங்களை இறுக்கி அடுக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிவைப்பது ஈரத்தையும் சேர்த்துக் கட்டிவைப்பதாகும். பூத்தவற்றை வெளியே எடுத்துச் சென்று உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விரித்து வைத்தால் போதும். கடும் வெயில் அட்டையை வளைத்துவிடும். இராமபாணப் பூச்சிக்கு வசம்பும் நன்றாகக் காய்ந்த வேப்பிலையும் வைப்பது பழைய வழக்கம். எல்லாவற்றையும்விட நல்ல காப்பு, அந்தப் புத்தகத்தை எடுத்துப் படிப்பதுதான்.

கேள்வி: இந்தப் பருவத்தையே பேசும் பழைய நூல் ஏதாவது சொல்லுங்களேன்.
– கல்லூரி மாணவி, ஓசூர்

பதில்: பத்துப்பாட்டில் உள்ள நெடுநல்வாடையை எடுத்துக்கொள்ளுங்கள். நக்கீரர் பாடிய அந்தப் பாட்டு 188 அடிகளே ஆனாலும், கூதிர்காலத்து ஊரை அதைப் போல் நின்று பார்த்த பாட்டு வேறில்லை என்பது என் கருத்து. வெள்ளத்துக்கு அஞ்சி மாடுகளை வேறு நிலத்துக்கு ஓட்டிச் சென்ற கோவலர், கையில் தீக்கொள்ளி இருந்தும் கன்னம் நடுங்க நிற்கிறார்கள். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. பறவைகள் மரத்திலிருந்து விழுகின்றன. பசு தன் கன்றையே உதைக்கிறது. குன்றையே குளிர வைத்தாற்போன்ற அந்தக் குளிரில் புதர்தோறும் பீர்க்கம்பூ பொன்னாக மலர்ந்திருக்கிறது. ஓசூரில் குளிர்காலத்து விடியலில் பால் வாங்கப் போயிருந்தால் கோவலர் நிலை உங்களுக்கு உரையாசிரியர் துணையின்றியே விளங்கும். மற்ற அடிகளுக்கு உரையுள்ள பதிப்பு வேண்டும். மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக உங்கள் வீட்டாரும் கட்டித்தான் வருகிறார்கள், தயங்க வேண்டாம். ஒரே மூச்சில் படிக்காமல், இரவுக்கு இருபது அடி என்று வைத்துக்கொண்டால் அடைமழைக்கும் பாட்டுக்கும் சரியாக இருக்கும்.

கேள்வி: கைப்பேசி இருக்கும்போது கடிதம் எழுதுவது வீண் வேலை இல்லையா? எழுத உட்கார்ந்தாலும் எதை எழுதுவது என்று தெரியவில்லை.
– ஒரு வாசகர், அரூர்

பதில்: அவசரச் செய்திக்குக் கடிதம் வீண்தான், அதற்குக் கைப்பேசி இருக்கட்டும். நான்கு நாள் கழித்துப் படித்தாலும் கெடாத செய்திக்கே கடிதம். நலம், நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்காருவதைவிட, அன்று காலை கொல்லையில் பார்த்ததை முதல் வரியாக எழுதிப் பாருங்கள். எந்தச் செடி முளைத்தது, எதை நத்தை தின்றது, கிணற்றில் எத்தனை படி நீர் ஏறியது என்பவற்றை யாரும் கைப்பேசியில் சொல்வதில்லை. ஆனால் ஊரைவிட்டுப் போன தங்கைக்கும் அத்தைக்கும் அவைதாம் வேண்டும்.

1879 முதல் நம் நாட்டில் இருந்துவரும் அஞ்சலட்டை 50 காசுக்கும், இன்லேண்டு உறை இரண்டரை ரூபாய்க்கும் கிடைக்கின்றன. இன்லேண்டுக்குள் வேறு எதையும் வைக்கக் கூடாது என்று அதிலேயே அச்சிட்டிருக்கும்; ஆகவே தங்கைக்கு நாலு அவரை விதை அனுப்புவதானால் சாதாரண உறையில் அனுப்புங்கள். பாலக்கோட்டு அம்மாவுக்கும் இங்கே ஒரு வார்த்தை: கனடாவுக்கு எழுதும் கடிதத்தில் பாசத்தால் விதையையோ காய்ந்த பூவையோ வைத்துவிடாதீர்கள். பயிர் நோய்த் தடுப்பு விதிகளால் அங்கே உறையையே நிறுத்திவிடக்கூடும். பூவைப் பற்றி எழுதலாம், வரைந்தும் அனுப்பலாம். மழைக்காலத்தில் மைப்பேனாவால் முகவரி எழுதினால் ஒரு தூறலில் ஊரே கரைந்துபோகும், பால்பாயிண்டே நல்லது. ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டையும் விடாதீர்கள்.

கேள்வி: எழுதிய கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதலாமா?
– அதே வாசகர்

பதில்: தாராளமாக எழுதலாம். முள்ளங்கி பிடுங்கியதும் எழுதுங்கள். முதற்கடிதம் கிடைத்ததா என்று மட்டும் அதில் கேட்காதீர்கள்.