கண்ணாடி முன் நின்று சொன்னால் இளமை வருமா?

கேள்வி: எனக்கு 61 வயது. மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். அங்கன்வாடியில் வேலை பார்த்து, போன வருஷம் ஓய்வு பெற்றேன். சர்க்கரைக்குப் பல வருஷமாக மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறேன். வேலைக்குப் போன வரை ஒன்றும் தெரியவில்லை. இப்போது எழுந்திருக்கும்போதே அசதி, முழங்கால் வலி. படுத்தால் தூக்கம் வர நடுராத்திரி ஆகிறது. யாரிடம் சொன்னாலும் ‘வயசாயிடுச்சுல்ல’ என்கிறார்கள். தினமும் கண்ணாடி முன் நின்று ‘நான் இளமையாக இருக்கிறேன்’ என்று சொன்னால் உடம்பு மாறும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா? வேறு என்ன செய்யலாம்? தலைக்குச் சாயம் பூசலாமா?

பதில்: அம்மா, மனசு எப்படி நினைக்கிறதோ அதற்கும் உடம்புக்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சிறிய ஊரில், 50 வயது கடந்த 660 பேரிடம் முதுமையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று 1975-ல் கேட்டுப் பதிவு செய்தார்கள். அவர்கள் பிறகு எத்தனை காலம் வாழ்ந்தார்கள் என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டார். முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். ஏற்கெனவே உடம்பு நன்றாக இருந்தவர்கள்தானே அப்படி நினைத்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். அதையும் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசம் நின்றது.

ஆனால் கண்ணாடி முன் சொல்வது மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். மாடிப்படி ஏறும்போது கால் நடுங்கினால், காலையில் சொன்ன வாக்கியத்தை மனசு அங்கேயே கைவிட்டுவிடும். மனசு நம்புவதற்கு உடம்பிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். 2013-ல் வெளியான ஒரு சோதனை இதற்கு நல்ல உதாரணம். 52 முதல் 91 வயது வரை உள்ளவர்களின் கைப்பிடி வலுவை அளந்துவிட்டு, ஒரு பகுதியினரிடம் மட்டும் ‘உங்கள் வயதுக்காரர்களைவிட நீங்கள் நன்றாகச் செய்தீர்கள்’ என்றார்கள். அவர்கள் தங்களை இன்னும் இளமையாக உணர்ந்தார்கள். அடுத்த முறை அவர்களுடைய பிடியும் கூடியிருந்தது. ‘என்னால் முடிந்தது’ என்று கண்ணால் பார்த்த பிறகு வரும் நம்பிக்கைக்குத்தான் அந்த வலு.

அதனால் நல்ல எண்ணத்தை வேறு இடத்தில் தொடங்கச் சொல்கிறேன். எதற்கெடுத்தாலும் வயதைக் காரணம் சொல்வதை விடுங்கள். கனடாவில் 80 வயது கடந்தவர்களிடம் செய்து 2012-ல் வெளியான ஆய்வில், தங்கள் நோய்க்கு முதுமைதான் காரணம் என்று நம்பியவர்கள் உடம்பைக் குறைவாகவே கவனித்துக்கொண்டார்கள். அடுத்த இரண்டு ஆண்டில் இறந்தவர்களும் அவர்களில்தான் அதிகம். வயசாயிடுச்சு என்று முடித்துவிட்டால் அதற்கு மேல் யாரும் காரணம் தேட மாட்டார்கள். என்னைப் போன்ற மருத்துவர்களும் சில நேரம் அப்படி முடித்துவிடுகிறோம். அது எனக்கு வருத்தம்தான்.

உங்கள் அசதியையே எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மினைப் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் பி12 வைட்டமின் குறையலாம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் எளிதாகக் குறையும். அசதி, பாதத்தில் எறும்பு ஊர்வது போன்ற மதமதப்பு, மறதி எல்லாம் அதனால் வரும். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே மாதிரிதான் காட்டும். மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது, மூன்றுக்கும் மருந்தும் இருக்கிறது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அப்புறம் கால். இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். முப்பது வயதுக்குப் பிறகு தசை மெல்ல மெல்லக் குறைகிறது, அறுபதுக்கு மேல் வேகமாக. ஒரு சோதனை செய்து பாருங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காருங்கள். பக்கத்தில் யாராவது இருக்கட்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் தொடையில் வலு குறைந்திருக்கலாம் என்பது ஆசிய மருத்துவர் குழு 2019-ல் வகுத்த அளவு.

குறைந்திருந்தாலும் மீட்கலாம். 1990-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதுக்காரர்கள் எட்டு வாரம் எடைப்பயிற்சி செய்து, தொடை வலுவை இரண்டு மடங்குக்கும் மேல் கூட்டினார்கள். உங்களுக்கு 61தான்.

அந்தச் சோதனையையே பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம். காலையில் எட்டு பத்து முறை, சாயங்காலம் அதே அளவு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்று இறங்குங்கள். திண்ணைத் தூணைத் தொட்டபடி ஒற்றைக் காலில் சில வினாடி நில்லுங்கள், விழாமல் இருக்க அது உதவும். முழங்கால் தேய்மானத்தில் வரும் வலிக்கும் தொடை வலுதான் பெரிய ஆறுதல். ஆனால் ஆழமாகக் குந்த வேண்டாம். காலையில் எழும்போது வரும் மூட்டு விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ அது வேறு வகை வாதமாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி சொல்லித் தருகிறார்கள். உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

நம் டெல்டாப் பெண்கள் நடவும் களையும் அறுப்புமாக இருந்த காலத்தில் இதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. இன்று நடவுக்கு எந்திரம், சாப்பிட மேசை, உட்கார சோபா. வேலைச்சுமை குறைந்தது நல்லதுதான், அந்தக் கஷ்டம் திரும்ப வர வேண்டும் என்று யாருமே ஆசைப்பட மாட்டோம். ஆனால் காலுக்கு வேலை இல்லாமல் போனதை நாமாகத்தான் ஈடுகட்ட வேண்டும்.

நடையைப் பொறுத்தவரை வாரத்துக்கு 150 நிமிடம் போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். வெயிலுக்கு முன் வாய்க்கால் கரையில் போகலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரை வழுக்கும், அப்போது கோயில் பிராகாரம் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏறுவதும் குறையும்.

தசைக்குப் பயிற்சி மட்டும் போதாது, புரதமும் வேண்டும். வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது தேவை. நீங்கள் 60 கிலோ என்றால் 60 கிராம். காலையில் மூன்று இட்லி, மதியம் சோறும் சாம்பாரும், ராத்திரி தோசை, நடுவில் காபி என்று இருந்தால் முப்பத்தைந்தைத் தாண்டுவதே கடினம். சம்பா அறுப்புக்கு முன் தெளித்த உளுந்தும் பயறும் நம் வயலிலேயே விளைகின்றன. ஒரு கைப்பிடி பச்சைப்பயறைச் சுண்டலாகச் செய்தால் ஏழு கிராம் கிடைக்கும். முட்டை ஒன்றில் ஆறு. மீன் சாப்பிடுவீர்கள் என்றால் நூறு கிராமில் இருபது வரை. சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் இவற்றை வையுங்கள். கிரியேட்டினின் கூடியிருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் புகையிலையை மட்டும் அல்ல, சீவலையும் விட்டுவிடுங்கள். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்.

தூக்கத்துக்கு முதலில் காபி நேரத்தை மாற்றுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடித்த டிகிரி காபியில் தூக்கத்தைக் கெடுக்கும் காஃபீன் என்ற பொருளில் பாதி அளவு, ராத்திரி பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும். கடைசி டம்ளர் மதியம் இரண்டு மணிக்குள் முடியட்டும். பகல் தூக்கம் அரை மணி, அதுவும் மூன்று மணிக்கு முன்.

இன்னொன்று. வேலையோடு சேர்ந்து உங்களைச் சுற்றியிருந்த பிள்ளைகளும் போய்விட்டார்கள். அந்த வெறுமை சாதாரணமானது இல்லை. தெருவில் நாலு பிள்ளைகளைச் சாயங்காலம் திண்ணையில் கூட்டி வைத்து கதையும் பாட்டும் சொல்லிக் கொடுங்கள். கீழே உட்கார முடியாவிட்டால் ஸ்டூலில் உட்காருங்கள். இத்தனை வருஷம் செய்த வேலை, கைவிட்டுப் போகவில்லை என்று உங்களுக்கே தெரியும். பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல், அழுகை வந்துகொண்டே இரண்டு வாரம் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதையும் வயது என்று விடாதீர்கள், சிகிச்சையில் சரியாகும்.

சாயம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆசையாக இருந்தால் தாராளமாகப் பூசுங்கள். கறுப்புச் சாயங்கள் பலவற்றிலும், கறுப்பு மருதாணி என்று விற்கும் பொடிகள் சிலவற்றிலும் ஒவ்வாமை தரும் ஒரு ரசாயனம் உண்டு. காதுக்குப் பின்னால் துளி தடவி இரண்டு நாள் பாருங்கள். அரிப்போ வீக்கமோ வந்தால் அந்தச் சாயம் வேண்டாம்.