ஓடிட் லொக்: முதலில் ஆளுக்கொரு லொகின் கொடுங்கள்

கேள்வி இதுதான்: "எங்கள் கம்பனியின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எந்தப் பதிவை மாற்றினார்கள் என்று பார்க்க ஓடிட் லொக் (மாற்றங்களின் பதிவேடு) போடச் சொல்கிறார்கள். எல்லா டேபிளுக்கும் (தரவு அட்டவணைக்கும்) போட்டுவிட்டால் போதுமா?"

போதாது. எல்லாவற்றுக்கும் போடவும் வேண்டாம். லொக்கில் கை வைப்பதற்கு முன் உங்கள் ஒஃபிஸில் எத்தனை பேர் ஒரே லொகினைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால், கணக்குப் பகுதியில் இருந்துகொண்டு "கம்பியூட்டர் தெரிந்த ஆள்" என்பதால் இந்த வேலை தலையில் கட்டப்பட்டவர் போலத்தான் தெரிகிறது. என் நிலைமையும் அதுவே.

நான் இருப்பது கொழும்பு 12இல், பழைய சோனகத் தெருப் பக்கம், ஒரு ஹார்ட்வெயார் மொத்த வியாபார நிறுவனத்தில். மைக்ரோசொப்டின் பிசினஸ் சென்ட்ரல் என்ற கணக்கு மென்பொருள் எங்கள் சொந்த சேர்வரில் ஓடுகிறது. அதில் இந்த வசதிக்குச் சேஞ்ச் லொக் என்று பெயர். வாடிக்கையாளர் கார்டில் (அவருடைய விவரப் பக்கத்தில்) கடன் எல்லையை யார் மாற்றினாலும் பதிவாகும்படி அதை நான்தான் போட்டேன். போட்டபோது "எங்களை உளவு பார்க்கிறாயா?" என்று சேல்ஸ் பகுதியில் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பரவாயில்லை.

2022இல் டொலர் 200 ரூபா சொச்சத்திலிருந்து 360 வரை ஏறியபோது லைசென்ஸ் செலவு முதலாளியின் கண்ணில் பட்டது. ஆளுக்கொரு லைசென்ஸ் வாங்காமல், சேல்ஸில் இருந்த எல்லோருக்கும் சேர்த்து 'சேல்ஸ்' என்று ஒரே லொகின் ஆக்கினார். அது லைசென்ஸ் விதிக்கே முரண், லொக்கும் பயனற்றுப் போய்விடும் என்று நான் எழுதிய மின்னஞ்சல் இன்னும் இருக்கிறது. பதில்தான் வரவில்லை.

அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். ஐந்து இலட்சம் கடன் எல்லை உள்ள ஒரு வெளியூர்க் கடைக்காரர் இருபத்திரண்டு இலட்சத்துக்குச் சரக்கு எடுத்துவிட்டார். கொடுத்த காசோலைகள் திரும்பி வந்தன. எப்படி இவ்வளவு பில் போட விட்டது என்று பார்த்தால், அவருடைய எல்லை ஐம்பது இலட்சமாக இருக்கிறது. "புதுப் பிள்ளை கை தவறி ஒரு சைபர் கூடப் போட்டிருக்கும்" என்று சேல்ஸ் பகுதி உடனே முடிவு கட்டிவிட்டது. புதிதாக வருபவர், அதுவும் பெண் என்றால், சந்தேகப்பட யாருக்கும் அதிக நேரம் எடுப்பதில்லை.

வெளியிலிருந்து வரும் ஐ.டி. ஆள் எஸ்கியூஎல் சேர்வரில் (மென்பொருளின் தரவுத்தளத்தில்) நேரடியாக டேபிளைத் திறந்து ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்தார். யூசர்: சேல்ஸ். பழைய பெறுமதி 500,000. புதியது 5,000,000. நேரம் பிற்பகல் 4.10. அந்த நேரம் மற்றவர்கள் களஞ்சியத்தில் ஸ்டொக் எண்ணிக்கொண்டிருந்தார்கள், அந்தப் பிள்ளை மட்டும்தான் மேசையில். கதை முடிந்தது என்றார்கள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. அதே பதிவை மென்பொருளின் திரையில் திறந்தேன். இரவு 9.40 என்று காட்டியது. காரணம் எளிது. இந்த மென்பொருள் தரவுத்தளத்தில் நேரத்தை யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், எழுதி வைக்கும். திரையில் காட்டும்போதுதான் நம் நேரத்துக்கு மாற்றும். இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால். டேபிளை நேரடியாகப் பார்த்தவர் அந்த ஐந்தரையைக் கூட்டவில்லை. இரவு 9.40க்கு அந்தப் பிள்ளை வத்தளையில் வீட்டில் இருந்திருக்கும். வெளியிலிருந்து சிஸ்டத்துக்குள் நுழையும் வசதி அவளுக்குக் கொடுக்கப்படவே இல்லை. அந்த வசதி சேல்ஸில் மூன்று பேருக்குத்தான் இருந்தது.

மூவரில் யார்? தெரியாது. லொகின் ஒன்றுதானே. எனக்கு ஓர் ஊகம் உண்டு, இங்கே எழுதமாட்டேன். அவளிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. சில மாதங்களில் வேறு வேலை தேடிப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் முதலாளி ஆளுக்கொரு லொகின் வாங்கினார்.

சரி, உங்கள் விஷயம். எல்லா டேபிளுக்கும், அவற்றில் உள்ள எல்லா ஃபீல்டுக்கும் (தனித்தனி விவரக் கட்டங்களுக்கும்) போட்டால் என்ன ஆகும்? மாறுகிற ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு வரி விழும். வற் வரி 2022 ஜூனில் 8இலிருந்து 12 ஆனது, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. ஒவ்வொரு முறையும் நாங்கள் ஆயிரக்கணக்கான ஆணி, குழாய், பெயின்ட் விலைகளை மொத்தமாக மாற்றினோம். பொருள் டேபிளில் எல்லாம் திறந்திருந்தால் அந்த வெள்ளத்தில் ஒரு கள்ள மாற்றத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா? சிஸ்டமும் மெதுவாகும். பணம் கசியக்கூடிய இடங்களை மட்டும் எடுங்கள்: சப்ளையரின் வங்கிக் கணக்கு இலக்கம், கடன் எல்லை, கழிவு வீதம், கொடுப்பனவு நாட்கள், யூசர் அனுமதிகள். பொருள் விலை வேண்டுமென்றால் விற்பனை விலை ஃபீல்டு ஒன்றை மட்டும். பதிவாகிவிட்ட லெட்ஜர் வரிகளின் தொகைகளுக்கு லொக் தேவையில்லை, அவற்றை எதிர்ப்பதிவு போட்டுத்தான் திருத்த முடியும்.

லொக் போட்ட நாளுக்கு முன் நடந்தது எதுவும் அதில் வராது. யார் வெறுமனே பார்த்தார்கள் என்பதும் வராது. தரவுத்தளத்தில் நேரடியாகக் கை வைத்து மாற்றினால் அதுவும் வராது. ஆகவே சேர்வர் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். லொக்கை அழிக்கும் அனுமதி, லொக்கில் பெயர் வரக்கூடிய ஆளிடம் இருக்கக் கூடாது. ஊழியர் விவரங்களுக்கு லொக் போட்டால் பழைய அடையாள அட்டை இலக்கம், பழைய சம்பளம் எல்லாம் அங்கே இன்னொரு பிரதியாகத் தங்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற நாட்டில், எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று முதலே தீர்மானித்துவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து எழுதுபவர்கள் "2023 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி கட்டாயம், டாலி கணக்கு மென்பொருளில் எடிட் லொக் போடு" என்பார்கள். அது இந்தியக் கம்பனிச் சட்டத்தின் கீழ் வந்த விதி. நம்மைக் கட்டுப்படுத்தாது. எஸ்ஏபி என்ற பெரிய நிறுவன மென்பொருளின் ஆட்கள் "எங்களிடம் மாற்றங்களைப் பதியும் சிடிஹெச்டிஆர், சிடிபொஸ் டேபிள்கள் இருக்கின்றனவே, இதென்ன பெரிய விஷயம்" என்று சிரிக்கலாம். சிரிக்கட்டும். பழைய சோனகத் தெருவில் எஸ்ஏபி வாங்கித் தர யாரும் வரிசையில் நிற்கவில்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. இதையெல்லாம் செய்து கொடுத்தாலும் சம்பளப் பட்டியலில் நான் இன்னும் உதவிக் கணக்காளர்தான். பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், முதலாளியின் மகனுடைய போனில் இடம் இல்லாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நீங்களும் அந்த ரகம் என்றால், லொக் வேலையைத் தொடங்குமுன் அதை உங்கள் பொறுப்புகளில் ஒன்றாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் ஒத்துக்கொள்ள வேண்டாம்.