வழிகாட்டி பதில் போடவில்லையா? விலக வேண்டாம்

அமெரிக்க இயற்பியல் சங்கத்தின் ‘இம்பாக்ட்’ திட்டத்தில் உங்களுக்குக் கிடைத்த வழிகாட்டி முதல் சந்திப்போடு சரி, மூன்று வாரமாகப் பதில் இல்லை, விலகிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விலகாதீர்கள். மாணவர்களையும் இளம் ஆய்வாளர்களையும் தொழில்துறையில் இருக்கும் இயற்பியலாளர்களோடு சேர்த்துவைக்கும் திட்டம் அது. வழிகாட்டிகள் தங்கள் வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கித்தான் இதைச் செய்கிறார்கள்.

நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலைப் பார்த்தேன். “என் எதிர்காலம் பற்றி உங்கள் ஆலோசனை வேண்டும்.” இதற்குப் பதில் எழுத ஒரு மாலைப் பொழுது வேண்டும். யாராக இருந்தாலும் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவைப்பார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: “என் ரெஸ்யூமேயில் லேசர் ஆய்வை முதலில் வைக்கவா, பைத்தான் நிரல் அனுபவத்தை வைக்கவா? வியாழன் அல்லது வெள்ளி 20 நிமிடம் பேச முடியுமா?”

என் வழிகாட்டியும் ஒரு மாதம் பேச்சுமூச்சில்லாமல் இருந்தார். இந்த மாதிரி ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன். மறுநாளே போன் செய்து, என் ரெஸ்யூமேயின் முதல் பக்கத்தில் நான் அடுக்கியிருந்த ஆய்வுக் கட்டுரைகள் எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளச் சொன்னார்.

இன்னும் பத்து நாளில் பதில் வராவிட்டால் திட்ட ஒருங்கிணைப்பாளருக்கு எழுதி வேறொருவரைக் கேளுங்கள். அது புகார் ஆகாது. வழிகாட்டியிடம் வேலை வாங்கித் தரும்படி மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர் கம்பெனியில் ஆள் எடுப்பது எப்படி என்று கேட்டால் தாராளமாகச் சொல்வார். புது மின்னஞ்சலை எழுதியதும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.