டயர் மாற்றிய கடையில் அலாய் வீலில் கீறல்: கடைக்காரர் கைவிரித்தால் என்ன செய்வது?

கேள்வி: போன வாரம் ஒரு கடையில் என் காருக்கு நான்கு டயரும் புதிதாக மாற்றினேன். 16 இஞ்ச் டைமண்ட் கட் (முகத்தை லேத்தில் கடைந்து பளபளப்பாக்கிய) அலாய் வீல். வீட்டுக்கு வந்து பார்த்தால் மூன்று வீலின் விளிம்பில் பளிச்சென்று கீறல். கேட்டால் "ஏற்கெனவே இருந்தது சார், பிளாட்பாரத்துல உரசியிருப்பீங்க" என்கிறார்கள். 'அலாய் வீல் சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று சுவரில் போர்டு இருக்கிறது, பில்லில் 'ஃபிட்டிங் இலவசம்' என்று போட்டிருக்கிறார்கள். முன்னால் நான் போட்டோ எதுவும் எடுத்து வைக்கவில்லை. நஷ்டஈடு கேட்க முடியுமா?

பதில்: கேட்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதை இன்றைக்கே செய்யுங்கள். வீலுக்கு பாலிஷ் போடாமல், பெயின்ட் அடிக்கக் கொடுக்காமல், இருக்கிறபடியே பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள்: கீறல் கிட்டத்தில் ஒன்று, முழு வீலும் தெரிய ஒன்று, நம்பர் பிளேட்டும் வீலும் சேர்ந்து தெரிய ஒன்று. பிளாட்பாரக் கல்லில் உரசிய தடமும் டயர் கடையில் விழுந்த தடமும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்காது. கல்லில் உரசினால் வீலின் வெளிமுகத்தில் சொரசொரவென்று இழுத்த மாதிரி இருக்கும், அந்த இடத்தில் டயரின் பக்கச்சுவரும் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். டயரை நெம்பி எடுக்கும் இரும்பு லிவர் வழுக்கினால் டயர் உட்காருகிற உதட்டோரத்தில் சின்னச் சின்ன வெட்டாக விழும். டயர் மாற்றும் மெஷின் தலையில் இருக்கும் பிளாஸ்டிக் உறை தேய்ந்துபோய் இரும்பு நேராக உரசினால் அதே உதட்டில் வளையமாக ஒரு கோடு ஓடும். புதுசாகப் பட்ட காயம் என்றால் அலுமினியம் பளபளவென்று தெரியும், பழையது மங்கிப் போயிருக்கும். கழற்றிய பழைய டயர்கள் உங்களிடம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவற்றின் பக்கச்சுவரில் உரசல் இல்லை என்றால், கடைக்காரர் சொல்லும் பிளாட்பாரக் கதைக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். ஒரு வேலைக்காகப் பொருளைக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வதை 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 148ஆவது பிரிவு ஒப்படைப்பு என்கிறது. வாங்கிக்கொண்டவர் சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்கிற அளவுக்காவது அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இது 151ஆவது பிரிவு. பொருள் அவர் கையில் இருந்தபோது சேதம் ஆனால், தான் கவனக்குறைவாக இல்லை என்று காட்ட வேண்டியவர் அவர்தான். டெல்லி ஹோட்டல் ஒன்றில் 1998இல் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடு போன வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான். ஹோட்டல் கொடுத்த பார்க்கிங் டோக்கனிலும் கார் உரிமையாளரே பொறுப்பு என்று அச்சடித்திருந்தார்கள், இருந்தாலும் தன் ஊழியர்களின் கவனக்குறைவுக்கு அந்த வரியைக் காட்டி ஹோட்டல் தப்பிக்க முடியாது என்றது நீதிமன்றம். உங்கள் கடையின் சுவர் போர்டைக் கண்டு நீங்கள் பின்வாங்க வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஆனால் ஒன்று. கொடுக்கும்போது வீல் நன்றாக இருந்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். முன்னால் போட்டோ எடுக்கவில்லை என்கிறீர்கள், போன் கேலரியைத் திரும்ப ஒருமுறை தேடுங்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து எடுத்தது, ஊருக்குப் போன இடத்தில் குடும்பத்தோடு காருக்கு முன்னால் நின்று எடுத்தது, இதிலெல்லாம் வீல் விழுந்திருக்கும். கடைசியாக சர்வீஸ் விட்டபோது போட்ட ஜாப் கார்டும் உதவும், ஏற்கெனவே இருக்கிற கீறல்களைப் பல இடங்களில் அதில் குறித்துக்கொள்வார்கள். உங்கள் கார்டில் வீல் பற்றி எதுவும் எழுதவில்லை என்றால் அது உங்கள் பக்கம்தான்.

'ஃபிட்டிங் இலவசம்' என்பதையும் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். இலவசமாகச் செய்த சேவை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்பது உண்மை. ஆனால் நான்கு டயருக்குப் பணம் வாங்கிக்கொண்டு அதைச் சேர்த்தே மாட்டிக் கொடுத்தது எப்படி இலவசம் ஆகும்? டயர் விலைக்குள்ளேயே அந்தக் கூலியும் அடங்கியிருக்கிறது என்றுதான் நாம் வாதாட வேண்டும், அந்த வாதம் நிற்கும் என்பது என் கருத்து. பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்து, கடைக்கு எழுத்தில் கொடுங்கள். தேதி, பில் எண், என்ன சேதம், எவ்வளவு செலவு, சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்க வேண்டும், 15 நாளில் பதில் வேண்டும். இதை இன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஸ்பீடு போஸ்ட்டிலும் போடுங்கள், கேமரா பதிவு சில நாட்களிலேயே மேலெழுதப்பட்டுவிடும் என்பதால்தான் இந்த அவசரம். செலவுக்கு வீல் ரிப்பேர் செய்கிற இடத்திலோ சர்வீஸ் சென்டரிலோ எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். சரிசெய்யக்கூடிய கீறலுக்குப் புது வீல் விலை கேட்பவர்களை நான் தடுத்துவிடுவேன், நியாயமான தொகை கேட்பவரின் பேச்சுக்குத்தான் மதிப்பு. போலீஸ் வேண்டாம், வேண்டுமென்று செய்யாத சேதம் குற்ற வழக்கு ஆகாது.

பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம், பல கடைகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். கடை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் கூடுதலாக இழுக்கும், அதற்கும் மனதைத் தயார்செய்து கொள்ளுங்கள்.

இனி டயர் மாற்றப் போகும்போது, கார் ஜாக்கியில் ஏறும் முன் கடை ஆளைக் கூடவே நிற்க வைத்து நான்கு வீலையும் வீடியோ எடுத்து, அங்கேயே கடை நம்பருக்கு அனுப்பிவிடுங்கள். மெஷின் தலையில் பிளாஸ்டிக் உறை இருக்கிறதா, லிவருக்குக் கீழே ரிம் கார்டு (விளிம்பில் கீறல் விழாமல் தடுக்கும் உறை) வைக்கிறார்களா என்று கேளுங்கள். பேலன்சிங்குக்கு விளிம்பில் மாட்டும் வெயிட் வேண்டாம், உட்பக்கம் ஒட்டுகிற வெயிட்தான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நட்டை முறுக்கும் மெஷின் கன்னால் முழுசாக முறுக்கவிடாமல் கடைசி இறுக்கத்தை, அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்சில் செய்யச் சொல்லுங்கள். கிளம்பும் முன் திரும்ப ஒரு சுற்று பார்த்து, ஏதாவது கண்ணில் பட்டால் பில்லின் பின்னாலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கடைக்காரர் இறங்கி வந்து "நாங்களே பெயின்ட் அடிச்சுத் தர்றோம்" என்று சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். டைமண்ட் கட் வீலை லேத்தில் கடைந்து கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு அடித்தால்தான் பழைய முகம் வரும், சும்மா ஸ்பிரே அடித்தால் தனியாகத் தெரியும். கடைகிற ஒவ்வொரு முறையும் உலோகம் கொஞ்சம் குறையும் என்பதால் வேலை தெரிந்த இடத்தில்தான் கொடுக்க வேண்டும். எந்த இடத்தில், எந்த முறையில், எத்தனை நாளில், யார் செலவில் என்பதை எழுதி வாங்கிக்கொண்டு வீலைக் கொடுங்கள். கோரிக்கை எதுவும் பாக்கியில்லை என்ற கையெழுத்தை, வீல் திரும்பி வந்து நீங்கள் பார்த்த பிறகு போட்டால் போதும்.