அப்பாவின் லாரி: என்ஜினைப் பிரிக்கும் முன்

கேள்வி: வெள்ளகோவிலில் இருந்து எழுதுகிறேன். அப்பா போன ஆவணியில் தவறிவிட்டார். அவர் ஓட்டிய 1998 மாடல் டாட்டா 1612 லாரி இப்போது என்னிடம். காங்கேயம் ஆலைகளுக்கு நெல், நார் மில்களுக்குத் தேங்காய் மட்டை என்று லோக்கல் ஓட்டம்தான். டீசல், டிரைவர் சம்பளம் போக மாதம் 22,000 நிற்கிறது. வண்டி இப்போது புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது. நாமக்கல்லில் ஃபுல் என்ஜின் வேலைக்கு 2,10,000 சொல்கிறார்கள். வியாபாரி ஒருவர் இருக்கிறபடியே 3 லட்சத்துக்குக் கேட்கிறார். வேறு பழைய என்ஜினைத் தூக்கி வைத்தால் மலிவு என்கிறார் மச்சான். எனக்கு அப்பா ஓட்டிய அதே என்ஜின்தான் வேண்டும். 17 சதவீத வட்டிக்கு பர்சனல் லோன் வாங்கலாமா?

பதில்: லோனுக்கு அப்புறம் வருகிறேன். ஆர்.சி. புக் யார் பெயரில் இருக்கிறது? அதை நீங்கள் எழுதவே இல்லை. உரிமையாளர் இறந்தால் 30 நாளில் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அப்பா பெயரிலேயே வண்டி ஓடி எங்காவது மோதினால் இன்ஷூரன்ஸில் இழுபறிதான். அதோடு, வாரிசுச் சான்றில் அம்மா பெயரும் இருக்கும். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்கள் பெயரும் இருக்கும். இன்றைய தேதிக்கு அது உங்கள் லாரி மட்டும் இல்லை. எல்லோருக்கும் பங்குள்ள வண்டியில் உங்கள் பெயரில் கடன் வாங்கிப் போடாதீர்கள். முதலில் வீட்டில் பேசி, கையெழுத்து வாங்குங்கள்.

மச்சான் யோசனையை நானும் ஏற்கவில்லை. என்ஜின் நம்பர் ஆர்.சி.யில் இருக்கிறது. மாற்றினால் ஆர்டிஓ அனுமதி வாங்கிப் பதிவு செய்ய வேண்டும், பழைய என்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கும் பேப்பர் வேண்டும். உங்கள் பாசமும் சட்டமும் இங்கே ஒரே பக்கம் நிற்கின்றன.

ஆனால் அந்த 2,10,000 ஒரு குத்துமதிப்புதான். என் சித்தப்பா வண்டியைக் கொண்டுபோய் விட்டபோது மெக்கானிக் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பிரிச்சுப் பாத்தாத்தானுங்க தெரியும்." லைனர், பிஸ்டன், பேரிங் எல்லாம் எதிர்பார்த்ததுதான். பிஸ்டன் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க்தான் காலை வாரியது. முன்பே பலமுறை கிரைண்டிங் ஆகி, மேற்கொண்டு கடைய இடமில்லை. புது கிராங்க் என்றதும் கணக்கு எகிறிவிட்டது. அதனால் பிரிக்க மட்டும் கூலி பேசி, கிராங்க்கை அளந்து, பிளாக்கிலும் ஹெட்டிலும் விரிசல் இருக்கிறதா பார்த்த பிறகு எஸ்டிமேட் எழுதி வாங்குங்கள். டீசல் பம்ப் வேலை அதில் சேர்த்தியா என்று கேளுங்கள். பாகங்களுக்கு பில் கேளுங்கள். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது, பழைய விலையையே சொன்னால் தெரிந்துவிடும்.

சரி, கணக்கு. எதிர்பாராததற்கும் சேர்த்து 2.5 லட்சம், வண்டி நிற்கும் ஒரு மாத வருமானம், எஃப்.சி.க்கு (வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்டிஓ தரும் சான்று) முன் பெயின்ட், டிங்கர் வேலை என்று 3 லட்சம் வைத்துக்கொள்வோம். 22,000-ல் டயர், இன்ஷூரன்ஸ், பசுமை வரி, எஃப்.சி.க்கு மாதம் 9,000 ஒதுக்கினால் மிஞ்சுவது 13,000. போட்டது திரும்ப 23 மாதம். இது வட்டி இல்லாமல். இதில் எஃப்.சி. வருடாவருடம். 20 வருடம் தாண்டிய கனரக வண்டிக்கு அந்தக் கட்டணத்தை 25,000 ஆக்கி 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் இன்று எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கேட்டு, நான் போட்ட 9,000-ஐத் திருத்திக்கொள்ளுங்கள்.

17 சதவீதம் இந்த வருமானத்துக்குத் தாங்காது. பாதியைக் கையிலிருந்து போட முடிந்தால், மீதிக்குக் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் வாங்கிச் செய்யலாம். முடியாது, அல்லது எஸ்டிமேட் 2.75 லட்சம் தாண்டுகிறது என்றால் வியாபாரிக்கே கொடுத்துவிடுங்கள். என்ஜின் வேலைக்குப் போட்ட காசை அவர் விலையில் ஏற்றித் தரமாட்டார்.

பெயர் மாறிய பிறகு என்ஜினைப் பிரிக்கச் சொல்லுங்கள். கிராங்க் அளவு என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.